அரியணைக்கு அருகே – 12: காவானின் முத்திரை

சென்ற வாரம் துன் பேராக்கின் கதையைப் பார்த்தோம். கிள்ளான் ஆட்களைப் பெண்டு பிள்ளைகளோடு திரட்டிக்கொண்டு மலாக்காவுக்குப் போனார். சயாமியப் படைக்கு எதிரே நின்றார். 1456-இல் பெண்டஹாரா, அதாவது தலைமை அமைச்சர் ஆனார். ஈஜோக்கிலிருந்தும் கோலசிலாங்கூரிலிருந்தும் இந்தத் தொடரைப் படிப்பவர்கள், நம் சிலாங்கூர்க் கரையிலிருந்து புறப்பட்ட ஒருவர் நாற்பது ஆண்டுக்கு மேல் மலாக்கா அரசைத் தாங்கிப் பிடித்தார் என்பதில் பெருமைப்படலாம். அவர் பதவிக்கு வந்த அதே காலத்தில், வங்காள விரிகுடாவுக்கு மறுபுறம், தக்காணத்தில் வேறொரு அமைச்சர் தலையெடுத்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்தது பாரசீகத்தில். அவரைத் தெரிந்துகொள்ளாமல் மலாக்காவின் முடிவை முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து. ஆகவே இந்த வாரம் கடல் தாண்டிப் போகிறோம்.

க்வாஜா மஹ்மூத் காவான் 1411-ஆம் ஆண்டு வாக்கில் கீலான் நாட்டில் பிறந்தவர். காஸ்பியன் கடலின் தென்கரையில் இருக்கிறது கீலான். பாரசீகம் என்றதும் மணலையும் ஒட்டகத்தையும் நினைப்பவர்களுக்கு அந்த ஊர் வியப்பைத் தரும். மழை கொட்டும் மலைச்சரிவு, அடர்ந்த காடு, நெல் வயல். காவானின் முன்னோர் கீலான் அரசர்களுக்கு அமைச்சர்களாக இருந்த பெருங்குடியினர். அரண்மனைப் பகை மூண்டபோது, மஹ்மூத் பிறந்த மண்ணை விட்டு வெளியேறினார். கெய்ரோ, டமாஸ்கஸ் என்று ஊர் ஊராகப் போனார். போன இடங்களில் வணிகமும் செய்தார், அறிஞர்களிடம் பாடமும் கேட்டார். குராசானிலும் இராக்கிலும் அமைச்சர் பதவி தேடி வந்தது, மறுத்துவிட்டார். அரண்மனை வாழ்வின் ஆபத்தைச் சிறு வயதிலேயே கண்டவர் மறுத்ததில் நியாயம் உண்டு.

1453-இல் கொங்கணக் கரையிலுள்ள தாபோல் துறைமுகத்தில் அவர் இறங்கினார். அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கையிலிருந்த சரக்கில் முக்கியமானது குதிரை. தக்காண அரசர்களுக்கு அரபு, பாரசீகக் குதிரைகள் எப்போதும் வேண்டும். உள்நாட்டில் நல்ல குதிரை வளராது. பாமினி அரசின் தலைநகரான பீதரில் ஒரு சூஃபி ஞானியைக் கண்டுவிட்டு டில்லிக்குப் போவதாகத்தான் திட்டம். ஆனால் சுல்தான் இரண்டாம் அலாவுதீன் அகமது அவரை விடவில்லை. நாடு நாடாகச் சுற்றியவர், கணக்குத் தெரிந்தவர், கடிதம் எழுதுவதில் வல்லவர். அப்படிப்பட்டவர் கையில் கிடைத்தபின் யார் விடுவார்கள்? ஆயிரம் குதிரைவீரர்களுக்குத் தலைவராக்கி, நல்கொண்டாவில் மூண்ட கிளர்ச்சியை அடக்க அனுப்பினார். அங்கே வென்று திரும்பியதோடு வணிகரின் டில்லிப் பயணம் முடிந்துபோனது.

அவர் நுழைந்த அரண்மனை இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரு பக்கம் தக்காணிகள்: பல தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்த முஸ்லிம் பிரபுக்கள், இந்து மதத்திலிருந்து மாறியவர்கள், அவர்களோடு கைகோத்த அபிசீனியர்கள். மறுபக்கம் அஃபாகிகள்: பாரசீகம், துருக்கி, மத்திய ஆசியாவிலிருந்து புதிதாக வந்தவர்கள். பதவிக்கும் நிலத்துக்கும் இந்த இரு தரப்பும் போட்டியிட்டன. கூட்டம் கூட்டமாகக் கொலைகளும் நடந்திருந்தன. காவான் பிறப்பால் அஃபாகி. அந்த அடையாளத்தை அவர் எவ்வளவு முயன்றும் கழற்ற முடியவில்லை.

அடுத்த சுல்தான் ஹுமாயூன் மூன்றரை ஆண்டுதான் ஆண்டார். 'ஜாலிம்', அதாவது கொடியவர் என்று பெயரெடுத்தவர். அவரே காவானுக்கு 'மலிக்-உத்-துஜ்ஜார்' என்ற பட்டத்தைக் கொடுத்தார்; வணிகர்களின் தலைவர் என்று பொருள். 1461-இல் ஹுமாயூன் இறந்தபோது பட்டத்துக்கு வந்த மகனுக்கு எட்டு வயது. நாட்டை நடத்த மூவர் குழு அமைந்தது. சிறுவனின் தாயார் அரசி நர்கிஸ் பேகம் ஒருவர், க்வாஜா ஜஹான் துர்க் என்ற பிரபு ஒருவர், மூன்றாமவர் காவான்.

குழந்தை அரசன் என்று தெரிந்ததும் அண்டை நாட்டார் சும்மா இருப்பார்களா? ஒரிசாவின் கபிலேந்திரர் பீதரை நெருங்கும் அளவுக்குப் படையோடு வந்தார். அவரைத் திருப்பி அனுப்பிய மூச்சு அடங்குவதற்குள், 1462-இல் மாளவத்தின் மஹ்மூத் கில்ஜி படையெடுத்து வந்து பாமினிப் படையைச் சிதறடித்தார். சிறுவனைத் தூக்கிக்கொண்டு பிரோசாபாத்துக்கு ஓட வேண்டியதாயிற்று. பீதர் நகரம் மாளவத்தாரின் கையில் விழுந்தது. இந்த நெருக்கடியில்தான் காவான் யார் என்று ஊருக்குத் தெரிந்தது. குஜராத்தின் இளம் சுல்தான் மஹ்மூத் பேகடாவுக்குக் கடிதம் எழுதினார். மாளவம் தக்காணத்தை விழுங்கினால் அடுத்தது குஜராத்துதான் என்பது பேகடாவுக்கு விளங்கியது, படையோடு வந்தார். காவான் நேரடிப் போருக்குப் போகாமல் மாளவப் படைக்கு வரும் தானியப் பாதைகளை வெட்டினார். பசியால் வாடிய பகைவர் பீதரை விட்டு விலகினர். ஒரு கடிதமும் மறிக்கப்பட்ட சில சாலைகளும் ஒரு நாட்டை மீட்டன. அவருடைய அரசியல் முழுவதிலும் இந்த முறையைக் காணலாம்.

சிறுவன் 1463-இல் திடீரென இறந்தான். அவனுடைய தம்பி மூன்றாம் முகம்மது, ஒன்பது பத்து வயதில் அரியணை ஏறினான். மூவர் குழுவில் க்வாஜா ஜஹான் துர்க்கின் அதிகாரம் எல்லை மீறியது. அரசியின் கட்டளைப்படி அவர் அரசவையிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 1466-இல் காவான் தலைமை அமைச்சரானார். முன்னவருடைய 'க்வாஜா ஜஹான்' பட்டமும் அவருக்கே வந்தது. அரசவையின் தரையில் அந்த இரத்தத்தைப் பார்த்தவர் அவர். பதினைந்து ஆண்டு கழித்து நடக்கப்போவதை எண்ணும்போது, அந்தக் காட்சி என் மனத்தை விட்டு அகல்வதில்லை.

அடுத்து கொங்கணம். மேற்குக் கரையின் மலைக்கோட்டைத் தலைவர்கள், மெக்காவுக்குப் போகும் யாத்திரைக் கப்பல்களையும் வணிகக் கப்பல்களையும் கொள்ளையிட்டு வந்தனர். 1469-இல் புறப்பட்ட காவான் மூன்று ஆண்டு அந்தக் காடுகளில் கிடந்தார். மழைக்காலத்தில் பின்வாங்குவது, வெயிலில் திரும்ப வருவது, காட்டை வெட்டிப் பாதை போடுவது, வாளுக்கு மசியாத கோட்டையைப் பொன்னால் திறப்பது என்று பொறுமையாக முன்னேறினார். சங்கமேஸ்வரம் பணிந்தது. 1472 பிப்ரவரியில் விஜயநகரத்தின் கையிலிருந்த கோவாவைப் பிடித்தார். விஜயநகரத்துக்குக் குதிரை வந்திறங்கிய முக்கியமான வாசல் கோவா. குதிரை வணிகராக வந்தவருக்கு அதன் மதிப்பை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெற்றியோடு திரும்பியபோது சுல்தான் அவருடைய வீட்டிலேயே விருந்தினராகத் தங்கினார். அரசித் தாயார் அவரைச் சகோதரர் என்று அழைத்தார். அதற்குப் பிறகு நடந்ததை வரலாற்றாசிரியர் ஃபெரிஷ்தா எழுதிவைத்திருக்கிறார். சுல்தான் போனதும் காவான் தனியறைக்குள் சென்று பட்டாடையைக் கழற்றி எறிந்து அழுதார். பிறகு தன்னிடமிருந்த செல்வத்தையெல்லாம் ஏழை அறிஞர்களுக்குப் பங்கிட்டார். நூல்களையும் குதிரைகளையும் யானைகளையும் மட்டுமே வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டவரிடம், நூல்கள் மாணவர்களுடையவை, குதிரையும் யானையும் அரசருடையவை என்றாராம். அந்தப் புகழ்ச்சி தன் அறிவை மயக்கத் தொடங்கியதை உணர்ந்ததாகவும் சொன்னாராம்.

அதே காலத்தில் பீதருக்கு ஒரு ரஷ்ய வணிகர் வந்திருந்தார். த்வேர் நகரத்து அஃபனாசி நிகிதின், விற்பதற்கு ஒரே ஒரு குதிரையைக் கொண்டுவந்தவர். அவருடைய குறிப்பில் 'மெலிக் துச்சார்' என்று வருபவர் நம் காவான்தான். நாள்தோறும் ஐநூறு பேர் அவர் பந்தியில் உண்டார்கள் என்று நிகிதின் எழுதுகிறார். பிரபுக்கள் வெள்ளிப் பல்லக்கில் போவதையும், நாட்டுப்புற மக்கள் வறுமையில் உழல்வதையும் அவரே எழுதியிருக்கிறார். அந்த இரண்டாவது குறிப்பைத் தள்ளிவிட்டு முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்வது சரியாகாது. பேரரசுகளின் பளபளப்பு குடியானவர்களின் முதுகில்தான் ஏறி வந்தது.

ஐநூறு பேருக்குச் சோறு போட்டவர் தமக்கு எப்படிச் செலவழித்தார்? பாரசீகத்திலிருந்து கொண்டுவந்த 40,000 லாரின் வெள்ளிக் காசை முதலாக வைத்து, அமைச்சராக இருந்த காலமெல்லாம் வணிகத்தைத் தொடர்ந்தார். அந்த வருவாயில் நாளுக்கு 12 லாரினைத் தம் சொந்தச் சமையலுக்கு ஒதுக்கினார். மிச்சம் தருமத்துக்குப் போனது. மண்பாத்திரத்தில் உண்டார், பாயில் படுத்தார் என்கிறது வரலாறு. பதவி தந்த ஜாகீர் நில வருவாயைப் படைக்கும் அரசுக்குமே செலவிட்டார்.

1472-இல் பீதரில் அவர் கட்டிய மதரசா மூன்று மாடிக் கட்டடம். பாரசீகத்தின் நீலப் பளிங்கோடுகள் பதித்த முகப்பு, மினார், நூலகத்தில் 3,000 சுவடிகள். வெளிநாட்டிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தார். பெரும் பாரசீகக் கவிஞர் ஜாமியோடும், கான்ஸ்டாண்டிநோபிளை வென்ற உதுமானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மதோடும் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். அவருடைய கடிதங்கள் 'ரியாஸ்-உல்-இன்ஷா' என்ற தொகுப்பாக இன்றும் இருக்கின்றன. 1696-இல் நடந்த வெடி விபத்தில் மதரசாவின் ஒரு பகுதி இடிந்தது. மிச்சமுள்ள மினாரும் ஓடுகளும் இன்று கர்நாடகத்தின் பீதர் நகரத்துக்குப் போகிறவர்களை நிறுத்திப் பார்க்க வைக்கின்றன.

இப்போது அவரைக் கொன்ற விஷயத்துக்கு வருகிறேன். போலிக் கடிதம் ஒன்றுதான் காரணம் என்று எல்லா நூல்களும் எழுதுகின்றன. கடிதம் வெறும் கத்தி. அதை ஓங்கிய கை நில அளவையிலும் படைக் கணக்கிலும் இருக்கிறது.

பாமினி அரசில் நான்கு மாகாணங்கள் இருந்தன: குல்பர்கா, தௌலதாபாத், பேரார், தெலங்கானா. போர்களால் நாடு பெருத்தபோது ஒவ்வொரு மாகாண ஆளுநரும் ஒரு சிற்றரசர் போல ஆகிவிட்டார். 1470களின் பிற்பகுதியில் காவான் இந்த நான்கையும் எட்டாக உடைத்தார். ஒவ்வொரு மாகாணத்திலும் சில பகுதிகளைப் பிரித்து அரசரின் நேரடி வருவாய்க்கு வைத்தார். மாகாணத்திலுள்ள கோட்டைகளில் ஒன்று மட்டுமே ஆளுநரின் கையில். மற்றவற்றின் தளபதிகளை சுல்தானே நியமிப்பார். நிலங்களை அளந்து, ஊர் எல்லைகளை வகுத்து, வரியைத் திட்டப்படுத்தினார்.

படைச் சம்பளத்தையும் மாற்றினார். 500 வீரர்களை வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ஹொன் பொற்காசு என்றிருந்ததை 1.25 லட்சமாகவும், 1,000 பேருக்கு 2 லட்சம் என்றிருந்ததை 2.5 லட்சமாகவும் உயர்த்தினார். ஆனால் ஒரு வீரன் குறைந்தாலும் அவனுக்கான தொகை பிடிக்கப்படும். தோட்டத்தில் கங்காணி தலைக்காசு வாங்கிய காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பெரட்டில் நிற்கும் ஆளுக்குத்தான் காசு. ஏட்டில் மட்டும் இருக்கும் ஆளுக்கு இல்லை. அதுவரை இல்லாத வீரனின் பெயரில் பணம் வாங்கி வயிறு வளர்த்த பிரபுக்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! சம்பளம் கூடியதற்கு அவர்கள் நன்றி சொல்லவில்லை. கணக்குக் கேட்டதை அவர்கள் மறக்கவும் இல்லை.

இரு தரப்புக்கும் நியாயமாக நடக்கத்தான் காவான் முயன்றார். பேராரைத் தக்காணியான இமாத்-உல்-முல்க்கிடமும், தெலங்கானாவைத் தக்காணியான மலிக் ஹசன் பஹ்ரியிடமும், தௌலதாபாத்தை அஃபாகியான யூசுஃப் ஆதிலிடமும் ஒப்படைத்திருந்தார். ஆனால் மாகாணங்களை உடைத்தபோது தெலங்கானாவும் உடைந்தது. வாரங்கல் பகுதி மலிக் ஹசனின் கையை விட்டுப் போனது. நிஜாம்-உல்-முல்க் என்ற பட்டம் பெற்ற அந்தப் பிரபு அரசனுக்கு மிக நெருக்கமானவர். காவானின் முடிவு அவர் வீட்டில் தீர்மானிக்கப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

1481 மார்ச்சில் சுல்தான் ஆந்திரக் கரையில் முகாமிட்டிருந்தார். அங்கிருந்து தேர்ந்தெடுத்த குதிரைப்படையோடு தெற்கே பாய்ந்து காஞ்சிபுரத்தைத் தாக்கினார். சாளுவ நரசிம்மரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஊர் அது. காஞ்சியின் கோயில்களில் பொன்னும் மணியும் கொள்ளைபோயின. பாரசீக வரலாற்றாசிரியர்கள் அதைப் பெருமையோடு எழுதியிருக்கிறார்கள். தமிழ் வாசகரான நமக்கு அது காயம். காவான் கட்டியெழுப்பிய படைதான் அந்தக் காயத்தைச் செய்தது. அவருடைய நல்ல குணங்களைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சுல்தான் காஞ்சிப் பக்கம் போயிருந்த நேரத்தில் சதிகாரர்கள் தம் வேலையை முடித்தார்கள். காவானின் முத்திரையைக் காத்துவந்த அபிசீனிய அடிமையோடு முன்பே நட்புப் பூண்டிருந்தார்கள், பரிசுகளும் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் அவன் குடித்திருந்தபோது மடித்த வெற்றுத்தாள் ஒன்றை நீட்டி, இதில் ஒரு முத்திரை வை என்றார்கள். அவன் திறந்துகூடப் பார்க்காமல் வைத்தான். அந்தத் தாளில் காவான் ஒரிசா அரசருக்கு எழுதியது போல ஒரு கடிதம் தயாரானது: எங்கள் சுல்தான் குடிகாரர், கொடுங்கோலர், நீங்கள் படையெடுத்து வாருங்கள், நாட்டைப் பங்கிட்டுக்கொள்வோம்.

கொண்டபள்ளி முகாமில் அந்தக் கடிதம் சுல்தானின் கைக்குப் போனது. அப்போது அவர் மதுமயக்கத்தில் இருந்தார். காவானை உடனே வரச்சொன்னார். போகவேண்டாம், குதிரைப்படை தயாராக இருக்கிறது, குஜராத்துக்குப் போய்விடலாம் என்று நண்பர்கள் தடுத்தார்கள். இத்தனை ஆண்டு இந்தக் குடும்பத்தின் உப்பைத் தின்று நரைத்த தாடி இது என்று சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார். துரோகம் செய்த வேலைக்காரனுக்கு என்ன தண்டனை என்று சுல்தான் கேட்டார். வாள் என்றார் காவான். கடிதத்தைக் காட்டினார்கள். முத்திரை என்னுடையது, கடிதம் என்னுடையதல்ல என்று பதில் சொன்னார். சுல்தான் விசாரிக்கவில்லை. ஜௌஹர் என்ற அடிமையிடம் வெட்டச் சொல்லிவிட்டு அந்தப்புரத்துக்குள் போய்விட்டார். தன் மரணம் ஒரு முதியவனின் மரணம்தான், ஆனால் அது அரசையும் அழிக்கும் என்று காவான் எச்சரித்ததாகச் சொல்கிறார்கள். 1481 ஏப்ரல் 5. அவருக்கு வயது ஏறக்குறைய எழுபது. ஒன்பது பத்து வயதிலிருந்து தம் கண் முன்னே வளர்ந்த பிள்ளைதான் அவரைக் கொல்லச் சொன்னது.

கருவூலத்தைத் திறக்கச் சொன்னார் சுல்தான். பெரும் புதையல் இருக்கும் என்ற நம்பிக்கை. காவானின் பொருளாளர் இரண்டு பைகளைப் பற்றிச் சொன்னார். ஒன்று அரசருடையது: ஜாகீர் வருவாய், படைச் சம்பளத்துக்கானது. இன்னொன்று ஏழைகளுடையது: வணிகத்தில் வந்தது. இரண்டிலும் மிச்சம் சொற்பம்தான். அப்போதுதான் சுல்தானுக்கு உண்மை தெரிந்தது. வருந்தினார், உடலை மரியாதையோடு பீதருக்கு அனுப்பினார்.

ஆனால் பிரபுக்கள் புரிந்துகொண்டது வேறு. காவானுக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன பாதுகாப்பு? யூசுஃப் ஆதிலும் இமாத்-உல்-முல்க்கும் சுல்தானின் கூடாரத்துக்குப் பக்கத்தில் வராமல் தனியே முகாம் போட்டார்கள். ஓராண்டுக்குள், 1482 மார்ச்சில், சுல்தானும் இறந்தார். காவான் தன்னைக் கொல்கிறான் என்று கடைசி நேரத்தில் அலறியதாக எழுதியிருக்கிறார்கள். ஆட்சியைக் கைப்பற்றிய மலிக் ஹசன் 1486-இல் கொல்லப்பட்டார். அவருடைய மகன் அகமது 1490-இல் தனி நாடு தொடங்கினார், அது அகமதுநகர். அதே ஆண்டு யூசுஃப் ஆதில் பீஜப்பூரையும், இமாத்-உல்-முல்க் பேராரையும் பிரித்துக்கொண்டார்கள். பிறகு கோல்கொண்டாவும் பிரிந்தது. பெயரளவில் ஒரு பாமினி சுல்தான் பீதரில் சிறைப்பறவையாக வைக்கப்பட்டார். காவான் போட்ட எட்டு மாகாண வேலி, காவல்காரரை இழந்தபின் ஒரு தலைமுறைகூட நிற்கவில்லை.

காவான் வென்ற கோவா இந்தப் பங்கீட்டில் பீஜப்பூருக்குப் போனது. ஒரே அரசாக இருந்த பாமினிக்குப் பதில், ஒன்றையொன்று பகைத்த சுல்தானகங்கள் நின்ற கரைக்குத்தான் போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1510-இல் அவர்களுடைய ஆளுநர் அல்புகர்க்கி கோவாவைப் பிடித்தார், இழந்தார், நவம்பரில் மீண்டும் பிடித்தார். அடுத்த ஆண்டு இந்தியக் கரையிலிருந்து கப்பல்களோடு கிழக்கே புறப்பட்டவர் மலாக்காவுக்கு வந்து சேர்ந்தார். 1511 ஆகஸ்டில் துன் பேராக் காத்த நகரம் விழுந்தது.

மலாக்காவிலும் அதற்கு முந்தைய ஆண்டு ஒரு பெண்டஹாரா வீழ்த்தப்பட்டிருந்ததை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தமிழ் முஸ்லிம் குடிவழி வந்த துன் முத்தாஹிர் பத்தாண்டு அந்தப் பதவியில் இருந்தார். அரசைக் கவிழ்க்கச் சதி செய்கிறார் என்ற புறங்கூற்றை நம்பி சுல்தான் மஹ்மூத் ஷா 1510-இல் அவரைக் கொல்லச் செய்தார். அந்தப் புறங்கூற்றின் தொடக்கத்தில் ராஜா முதலியார் என்ற வணிகரும் அவருடைய வழக்கு ஒன்றும் இருந்தன. காவானுக்கு எதிராக ஒரு போலிக் கடிதமாவது வேண்டியிருந்தது; முத்தாஹிருக்கு வெறும் வாய்ச்சொல்லே போதுமானதாக இருந்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.